வாலட்டோட பிரைவேட் கீய எடுக்கிறது, பேக்கப் பண்றது, அது உண்மையில திறக்குதான்னு பாக்கிறது

புது ஹேண்ட்ஃபோன் வாங்கிட்டு பழச டிரேட்-இன் பண்ணப்போறவங்க, லேப்டாப்ப ஃபார்மேட் பண்ணப்போறவங்க, இல்ல பிட்காயினோ ஈத்தீரியமோ யுஎஸ்டிடியோ வாலட்ல வெச்சிட்டு அதோட சாவி எங்க இருக்குன்னு சரியா தெரியாம இருக்கிறவங்க, உங்களுக்காகத்தான் இத எழுதுறேன். சொல்ல நிறைய இருக்கு, ஆனா அதுல ஒண்ண மட்டும் மறக்காதீங்க. வாலட் உருவாக்கும்போது அது காட்டுற பன்னெண்டு வார்த்தைய பேப்பர்ல எழுதி பீரோவுக்குள்ள வெச்சதோட பேக்கப் முடியல, அந்தப் பேப்பர மட்டும் கையில வெச்சுக்கிட்டு வாலட்ட புதுசா திறந்து, பழைய அதே அட்ரஸ் வருதான்னு உங்க கண்ணால பாத்த பிறகுதான் முடியுது. நான் பாத்த வரைக்கும் காயின தொலைச்சவங்கள்ல நிறைய பேர் எழுதி வைக்காதவங்க இல்ல, எழுதி வெச்சு ஒரு தடவ கூட திறந்து பாக்காதவங்க.

முதல்ல உங்ககிட்ட கீ இருக்கான்னு பாருங்க

நம்ம சிங்கப்பூர்ல பெரும்பாலானவங்க காயின் வாங்குறது எக்ஸ்சேஞ்ச் ஆப்லதான், காயின்ஹாகோ, இண்டிபெண்டன்ட் ரிசர்வ், காயின்பேஸ், கிரிப்டோ டாட் காம் இந்த மாதிரி. பேங்க்ல இருந்து வெள்ளி அனுப்பி வாங்குறோம், ஸ்கிரீன்ல பேலன்ஸ் தெரியுது, ஆனா பிரைவேட் கீ, அதாவது காயின நகத்துற ரகசிய சாவி, அந்தக் கம்பெனி கையில இருக்கு, உங்ககிட்ட இருக்கிறது லாகின் மட்டும்தான். அங்க எவ்வளவு தேடினாலும் பிரைவேட் கீ கிடைக்காது. இதுல குழப்பம் என்னன்னா ஒரே கம்பெனி ரெண்டு ஆப் வெச்சிருக்கும், கிரிப்டோ டாட் காமோட மெயின் ஆப்ல கீ அவங்ககிட்ட, அவங்களோட ஆன்செயின் வாலட்ல கீ உங்ககிட்ட. கண்டுபிடிக்க சுலபமான வழி இருக்கு, ஆரம்பத்துல 12 இல்ல 24 ஆங்கில வார்த்தைய காட்டி எழுதி வைங்கன்னு சொல்லுச்சா, சொல்லுச்சுன்னா அது உங்க வாலட், சொல்லாம ஈமெயில் பாஸ்வேர்டோட விட்டுச்சுன்னா பெரும்பாலும் அது அவங்க கணக்கு.

எக்ஸ்சேஞ்ச்ல வெச்சா தப்பான்னு கேப்பீங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன். லைசென்ஸ் இருக்கிற கம்பெனி கஸ்டமர் காயின தன்னோடதுல கலக்காம டிரஸ்ட்ல தனியா வைக்கணும்னு எம்ஏஎஸ், அதாவது சிங்கப்பூர் நாணய வாரியம், விதி போட்டிருக்கு. ஆனா பேங்க் டெபாசிட்டுக்கு இருக்கிற 1,00,000 வெள்ளி இன்ஷூரன்ஸ் கிரிப்டோவுக்குக் கிடையாது. 2022ல இங்கயே இருந்த வால்ட், ஹாட்ல்நாட்ங்கிற ரெண்டு கிரிப்டோ கம்பெனியும் அடுத்தடுத்து பணம் எடுக்கிறத நிறுத்துனதும், அதே வருஷம் நவம்பர்ல எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் விழுந்து, அரசாங்க முதலீட்டுக் கம்பெனியான தெமாசெக்கே 27.5 கோடி அமெரிக்க டாலர தள்ளுபடி செஞ்சதும் ஞாபகம் இருக்கும். பெரிய தொகைய நீண்ட காலத்துக்கு வைக்கிறவங்க கீய தன்கிட்ட வெச்சுக்கிறதுதான் என் கருத்து, ஆனா அப்படி வெச்சுக்கிட்டா அதோட முழுப்பொறுப்பும் உங்களோடது, 'ஃபர்காட் பாஸ்வேர்ட்' பட்டன் அங்க இருக்காது.

பாஸ்வேர்ட் வேற, வார்த்தை வேற, கீ வேற

இந்த மூணையும் ஒண்ணுன்னு நெனைச்சுத்தான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. நீங்க தினமும் ஆப் திறக்கப் போடுற பாஸ்வேர்ட், பின், கைரேகை எல்லாம் அந்த ஒரு ஹேண்ட்ஃபோனுக்குள்ள இருக்கிற பூட்டு மட்டும்தான், ஃபோன் போச்சுன்னா அந்த பாஸ்வேர்ட வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது.

பிரைவேட் கீங்கிறது 256 பிட் நீளமுள்ள ஒரு எண், ஒரு அட்ரஸுக்கு ஒண்ணு. ஈத்தீரியத்துல அத 64 எழுத்தா பாப்பீங்க, 0ல இருந்து 9 வரைக்கும் எண்ணும் ஏ-ல இருந்து எஃப் வரைக்கும் எழுத்தும் கலந்து வரும். பிட்காயின்ல எக்ஸ்போர்ட் பண்ணினா 5, கே இல்ல எல்-ல ஆரம்பிக்கிற நீளமான ஒரு வரி.

சீட் ஃப்ரேஸ், அதாவது அந்த 12 இல்ல 24 வார்த்தை, இதுக்கெல்லாம் மேல. பிஐபி39னு 2013ல எழுதுன ஒரு முறை, 2,048 வார்த்தை கொண்ட பட்டியல்ல இருந்து எடுக்குது, அந்த வார்த்தைங்கள வரிசையா போட்டா அதுல இருந்து அத்தன பிரைவேட் கீயும் திரும்ப பிறக்கும், அக்கவுண்ட் 1, அக்கவுண்ட் 2, அக்கவுண்ட் 3 எல்லாமே. அதனால பேக்கப்னா முதல்ல சீட் ஃப்ரேஸ்தான், தனித்தனி பிரைவேட் கீ தேவப்படுறது சில இடத்துல மட்டும், அத கீழ சொல்றேன்.

எடுக்கிறதுக்கு முன்னாடி

சீட் ஸ்கிரீன்ல தெரியுற அந்த ரெண்டு நிமிஷம்தான் ரொம்ப ஆபத்தான நேரம். வீட்டு ஹால்ல குழந்தைய பாத்துக்கவோ ஹெல்பருக்காகவோ கேமரா மாட்டியிருப்பீங்க, அது பக்கம் உக்காராதீங்க, ரூமுக்குள்ள போங்க. ஆபீஸ் லேப்டாப்ல கண்டிப்பா வேணாம், கம்பெனி மென்பொருள் ஸ்கிரீனப் பாக்க முடியும். எம்ஆர்டியில, காப்பிக்கடையில வேணாம். யாராவது ஜூம்லயோ எனிடெஸ்க்லயோ ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்க நான் காட்டித்தரேன்னு சொன்னா அந்த கால கட் பண்ணுங்க, சொந்தக்காரரா இருந்தாலும் சரி.

ஸ்கிரீன்ஷாட் வேணாம்னு எல்லாரும் சொல்றாங்க, ஏன்னு தெரிஞ்சாதான் மனசுல நிக்கும். ஃபோட்டோ எடுத்த உடனே அது கூகுள் ஃபோட்டோஸ்லயோ ஐகிளவுட்லயோ ஏறிடும், அது ஒண்ணு. இன்னொண்ணு, ஸ்பார்க்கேட்னு ஒரு வைரஸ கண்டுபிடிச்சதா 2025 பிப்ரவரியில காஸ்பர்ஸ்கிங்கிற பாதுகாப்பு கம்பெனி சொன்னாங்க, அது கூகுள் பிளேல மட்டுமில்ல ஆப்பிள் ஆப் ஸ்டோர்லயும் சாதாரண ஆப் மாதிரி இருந்துச்சு, கேலரிக்கு பெர்மிஷன் வாங்கிட்டு படத்துக்குள்ள இருக்கிற எழுத்த படிச்சு, சீட் ஃப்ரேஸ் மாதிரி இருக்கிறத தேடி அனுப்பிச்சு. காப்பி பட்டனும் அதே மாதிரிதான், விண்டோஸ்ல கிளிப்போர்ட் ஹிஸ்டரி இருக்கு, ஐஃபோன்ல காப்பி பண்ணினது பக்கத்துல இருக்கிற மேக்லயும் வந்து நிக்கும். வாட்ஸ்அப்ல தனக்குத்தானே அனுப்பி வைக்கிறது, ஈமெயில் டிராஃப்ட், நோட்ஸ் ஆப், இது எதுவும் வேணாம். பேனாவும் பேப்பரும் போதும்.

ஆப் சரியான ஆப்தானான்னும் பாருங்க. கூகுள்ல வாலட் பேர தேடினா மேல வர்ற விளம்பரம் போலியா இருக்கிறது சாதாரணமா நடக்குது. ஏற்கனவே இன்ஸ்டால் ஆகியிருக்கிறத திறங்க, புதுசுன்னா அந்தக் கம்பெனியோட வெப்சைட் முகவரிய நீங்களே டைப் பண்ணி அங்க இருந்து ஸ்டோருக்குப் போங்க. நல்ல ஆப்பே கூட கைவிட்டிருக்கு. 2022 ஆகஸ்ட்ல சொலானாங்கிற பிளாக்செயின்ல ஸ்லோப்னு ஒரு வாலட், அது பயனர்களோட சீட் ஃப்ரேஸ அப்படியே எரர் பதிவு செய்ற தன்னோட சர்வருக்கு அனுப்பிக்கிட்டிருந்தது தெரிய வந்துச்சு, ஆயிரக்கணக்கான வாலட் காலியாச்சு. பெரிய தொகைக்கு ஹார்ட்வேர் வாலட் வாங்குங்கன்னு நான் சொல்றது இதனாலதான், சீட் அந்தச் சின்ன கருவிக்குள்ளயே பிறந்து அதுக்குள்ளயே இருக்கும், ஃபோனுக்கு வரவே வராது. ஆனா கரோசெல்ல செகண்ட் ஹேண்ட் வாங்காதீங்க, பெட்டிக்குள்ள ஏற்கனவே வார்த்தை எழுதின அட்டை இருந்தா அது திருடன் எழுதினது, உடனே ஒதுக்கிடுங்க.

ஒவ்வொரு வாலட்லயும் எங்க இருக்கு

மெனு பேரெல்லாம் வெர்ஷனுக்கு வெர்ஷன் கொஞ்சம் மாறும், ஆனா இடம் பெரும்பாலும் செட்டிங்ஸ்குள்ள செக்யூரிட்டிங்கிற பகுதிதான்.

மெட்டாமாஸ்க்ல செட்டிங்ஸ், அதுக்குள்ள செக்யூரிட்டி அண்ட் பிரைவசி, அங்க சீக்ரெட் ரிகவரி ஃப்ரேஸ காட்டுன்னு ஒரு பட்டன் இருக்கும். சின்னதா ரெண்டு கேள்வி கேக்கும், பாஸ்வேர்ட் கேக்கும், அப்புறம் பட்டன அழுத்திப் பிடிச்சா வார்த்தை வரும். தனி அக்கவுண்டோட பிரைவேட் கீ வேணும்னா அக்கவுண்ட் பேர் பக்கத்துல இருக்கிற மூணு புள்ளி, அக்கவுண்ட் டீடெய்ல்ஸ், அங்க இருக்கும்.

இங்கதான் ஒரு பெரிய பள்ளம் இருக்கு, பொறுமையா படிங்க. மெட்டாமாஸ்க்ல சில அக்கவுண்ட் பக்கத்துல 'இம்போர்டட்'னு போட்டிருக்கும், அது வேற எங்கயோ இருந்த பிரைவேட் கீய நீங்க கொண்டுவந்து ஒட்டினது. அது உங்க 12 வார்த்தைல இருந்து பிறந்தது இல்ல, அதனால 12 வார்த்தைய போட்டு ரிஸ்டோர் பண்ணினா அந்த அக்கவுண்ட் வராது, எத்தன தடவ பண்ணினாலும் வராது. ஈஷூன்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் வார்த்தைய அழகா எழுதி லாக்கர்ல வெச்சிட்டு பழைய ஃபோன குடுத்துட்டாரு, புது ஃபோன்ல எல்லாம் சரியா திறந்துச்சு, ஆனா காயின் மொத்தமும் இருந்தது இம்போர்ட் பண்ணின அக்கவுண்ட்ல. அந்தக் கீ வேற எங்கயும் இல்ல. அதனால உங்க வாலட்ல ஒவ்வொரு அக்கவுண்டயும் பாருங்க, இம்போர்டட்னு இருக்கிறதுக்கு பிரைவேட் கீய தனியா எடுங்க, இல்லன்னா அதுல இருக்கிறத சீட்ல இருந்து பிறந்த அக்கவுண்டுக்கு அனுப்பிடுங்க. ரெண்டாவதுதான் நல்லது, 64 எழுத்த கையால எழுதினா தப்பு வரும், பெரும்பாலும் எங்க தப்புன்னு கண்டுபிடிக்கவும் முடியாது.

டிரஸ்ட் வாலட்ல செட்டிங்ஸ் போய் வாலட் லிஸ்ட்ட திறந்தா ஒவ்வொரு வாலட்டுக்கும் தனித்தனி சீட் இருக்கும். ரெண்டு மூணு வாலட் உருவாக்கியிருந்தா ரெண்டு மூணு சீட், ஒண்ண எழுதிட்டு எல்லாம் முடிஞ்சதுன்னு விட்டுடாதீங்க. கூகுள் டிரைவ்ல பேக்கப் பண்ணவான்னு கேக்கும், நான் மேனுவல்தான் எடுப்பேன்.

எலெக்ட்ரம் பிட்காயினுக்கு 2011ல இருந்து இருக்கிற வாலட், மேல வாலட் மெனுல சீட்ங்கிறத தட்டினா வரும், தனி கீ வேணும்னா அதே மெனுல பிரைவேட் கீஸ் எக்ஸ்போர்ட் இருக்கு. ஆனா எலெக்ட்ரமோட 12 வார்த்தை பிஐபி39 முறை இல்ல, அவங்களோட சொந்த முறை. பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், பத்து வருஷம் கழிச்சு உங்க பிள்ளை அத எடுத்து டிரஸ்ட் வாலட்ல போட்டா ஏத்துக்காது, இல்ல காலியா ஒரு வாலட் திறக்கும், அவ்வளவுதான் காயின் போச்சுன்னு நெனச்சுடுவாங்க. பேப்பர்ல 'எலெக்ட்ரம்'னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா போதும்.

பிட்காயின் கோர் வெச்சிருக்கிறவங்களுக்கு சீட்டே கிடையாது, வாலட் ஃபைல்தான். ஃபைல் மெனுல பேக்கப் வாலட் அழுத்தி அந்த ஃபைல யுஎஸ்பில எடுங்க, வாலட்டுக்கு பாஸ்ஃப்ரேஸ் போட்டிருந்தா அதையும் தனியா எழுதி வைங்க, ஏன்னா அது இல்லாம ஃபைல் இருந்தும் பயனில்ல. இணையத்துல பழைய குறிப்புல எல்லாம் கன்சோல்ல டம்ப்பிரிவ்கீன்னு அடிக்கச் சொல்வாங்க, அது பழைய வகை வாலட்டுக்கு மட்டும்தான். 2022ல வந்த 23.0ல இருந்து புதுசா உருவாகுற வாலட் டிஸ்கிரிப்டர் வகை, அதுல அந்த கமாண்ட் வேலை செய்யாது, லிஸ்ட்டிஸ்கிரிப்டர்ஸ்ங்கிற கமாண்ட 'ட்ரூ'ன்னு சேத்து அடிச்சா பிரைவேட் கீயோட வரும். 2016க்கு முந்தின வாலட்னா இன்னும் கவனம், அப்ப வாலட் முன்கூட்டியே 100 கீ மட்டும்தான் செஞ்சு வெச்சிருக்கும், அது தீர்ந்து புதுசா உருவான கீ பழைய பேக்கப்ல இருக்காது, அதனால கடைசி ஃபைல்தான் சரியான ஃபைல்.

லெட்ஜர், டிரெசர் மாதிரி ஹார்ட்வேர் வாலட்ல முதல் தடவ செட்டப் பண்றப்ப காட்டுறதோட சரி, பிறகு சீட்ட திரும்பக் காட்டாது. அட்ட தொலஞ்சிருந்தா, கருவி இன்னும் வேலை செய்யும்போதே புது சீட்ல வேற வாலட் உருவாக்கி காயின அதுக்கு மாத்திடுங்க, தள்ளிப்போடாதீங்க.

எழுதுறது எப்படி

வார்த்தைய ஆங்கில எழுத்துலயே, பெரிய எழுத்துல, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு எழுதுங்க. தமிழ் எழுத்துல எழுதி வெச்சா யாருக்கும் புரியாதுன்னு சிலர் செய்றாங்க, அது வேணாம், ஒரே மாதிரி ஒலிக்கிற ஆங்கில வார்த்தை பின்னாடி குழப்பும். பிஐபி39 பட்டியல்ல முதல் நாலு எழுத்து ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு வார்த்தை கிடையாது, அதனால முதல் நாலு எழுத்து தெளிவா இருந்தாலே மீட்டுடலாம். வரிசைய நீங்களா மாத்தி எழுதுறது, ஒரு வார்த்தைய மனசுல வெச்சுக்கிறது, இந்த ரகசியமெல்லாம் நாலு வருஷத்துல உங்களுக்கே மறந்துடும்.

வார்த்தைக்குக் கீழ இன்னும் கொஞ்சம் எழுதுங்க, இத யாரும் சொல்றதில்ல: எந்த வாலட், எந்த வருஷம் உருவாக்கினது, எந்தெந்த காயின், முதல் அட்ரஸோட முதல் ஆறு எழுத்தும் கடைசி ஆறு எழுத்தும். பிட்காயின்னா அட்ரஸ் எப்படி ஆரம்பிக்குதுன்னும் குறிச்சுக்கோங்க. 1ல ஆரம்பிச்சா டெரிவேஷன் பாத்ல, அதாவது சீட்ல இருந்து அட்ரஸ் பிறக்கிற வழியில, 44, 3ல ஆரம்பிச்சா பெரும்பாலும் 49, பிசி1க்யூ-ன்னா 84, பிசி1பி-ன்னா 86. ஒரே சீட்ட வேற பாத்ல திறந்தா வேற அட்ரஸ், வேற பேலன்ஸ், அதாவது பூஜ்யம். காயின் அங்கேயே இருக்கும், நீங்க தப்பான கதவ தட்டிக்கிட்டிருப்பீங்க.

திறந்து பாக்கிறது

புது வாலட்னா இது ரொம்ப சுலபம். பெரிய தொகைய அனுப்புறதுக்கு முன்னாடி பத்து இருபது வெள்ளி மதிப்புக்கு கொஞ்சமா அனுப்புங்க, அட்ரஸ எழுதிக்கோங்க, அப்புறம் வாலட்ட முழுசா அழிங்க. ஆமா, அழிங்க. பேப்பர்ல இருக்கிறத மட்டும் பாத்து ரிஸ்டோர் பண்ணுங்க, அதே அட்ரஸ் வந்து அந்த பத்து வெள்ளி தெரிஞ்சா பேப்பர் சரி, இப்ப மிச்சத்த அனுப்பலாம். இதுக்கு அரை மணி நேரம் ஆகும்.

ஏற்கனவே காசு இருக்கிற வாலட்னா அழிக்காதீங்க. ஹார்ட்வேர் வாலட்ல இதுக்குன்னே வசதி இருக்கு, லெட்ஜர்ல ரிகவரி செக்னு ஒரு ஆப், டிரெசர் சூட்ல செக் பேக்கப், வார்த்தைய கருவியிலயே போட்டா சரியா தப்பான்னு சொல்லும், புது மாடல்ல கம்ப்யூட்டர்ல டைப் பண்ண வேண்டியதில்ல. சாஃப்ட்வேர் வாலட்னா ஃபேக்டரி ரீசெட் செஞ்ச ஒரு ஸ்பேர் ஃபோன்ல அந்த வாலட் ஆப்ப மட்டும் போட்டு ரிஸ்டோர் பண்ணி, அட்ரஸ முழுசா ஒப்பிட்டுப் பாத்துட்டு, திரும்பவும் ஃபேக்டரி ரீசெட் பண்ணிடுங்க. வெப்சைட்ல 'சீட் செக்கர்'னு வர்ற எதுலயும் போடாதீங்க, அது திருடுறதுக்குன்னே செஞ்சது.

வார்த்தை தப்பா இருந்தா ஆப்பே சொல்லிடாதான்னு கேப்பீங்க. முழுசா சொல்லாது. 12 வார்த்தை சீட்ல தப்பு கண்டுபிடிக்க இருக்கிறது 4 பிட் மட்டும்தான், அதாவது ஒரு வார்த்தைய பட்டியல்ல இருக்கிற வேற வார்த்தையா எழுதியிருந்தாலோ ரெண்டு வார்த்தை இடம் மாறியிருந்தாலோ, 16ல ஒரு வாய்ப்பு அந்தத் தப்பான சீட்டும் செல்லும். 24 வார்த்தைன்னா 256ல ஒண்ணு. அப்ப எரர் வராது, புத்தம் புது காலி வாலட் ஒண்ணு திறக்கும். அதனால ஆப் ஏத்துக்கிச்சான்னு பாக்காதீங்க, அட்ரஸ் அதேதானான்னு பாருங்க.

ரிஸ்டோர் பண்ணினதும் பேலன்ஸ் கம்மியா தெரிஞ்சா பயப்படாதீங்க. சில வாலட் முதல் அக்கவுண்ட மட்டும் காட்டும், ஆட் அக்கவுண்ட் தட்டத் தட்ட ரெண்டாவது மூணாவது அதே வரிசைல வரும். யுஎஸ்டிடி மாதிரி டோக்கன் தெரியலன்னா இம்போர்ட் டோக்கன் போட்டு சேக்கணும், நெட்வொர்க்கும் பாருங்க, யுஎஸ்டிடி டிரான் நெட்வொர்க்ல இருந்தா ஈத்தீரியம் பக்கத்துல தேடினா கிடைக்காது.

எங்க வைக்கிறது

குறைஞ்சது ரெண்டு பிரதி, ரெண்டு வீட்டுல. ஒரே எச்டிபி வீட்டுக்குள்ள ரெண்டு ரூம்ல வெச்சா அது ரெண்டு இடம் இல்ல, தீப்பிடிச்சா ரெண்டும் போகும். நம்ம ஊர் ஈரக்காத்துல ஸ்டோர் ரூம்லயும் பாம் ஷெல்டர்லயும் வெச்ச பேப்பர் நமத்து மை கலங்கும், ஜிப் பைல போட்டு வைங்க, ஜெல் பேனா வேணாம், பால்பாயிண்ட் பேனா இல்ல பென்சில் நல்லது. லேமினேட் பண்ண கடையில குடுக்காதீங்க, ஃபோட்டோகாப்பி கடை மெஷினுக்கும் மெமரி இருக்கு. தொகை கொஞ்சம் பெருசுன்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடும் எழுத்து அச்சு செட்டும் வாங்கி வீட்டுலயே நீங்களே அடிச்சுக்கலாம், தீயும் தண்ணியும் அத ஒண்ணும் செய்யாது. கடையில குடுத்து பொறிக்கச் சொல்லாதீங்க.

ரெண்டாவது பிரதிக்கு நிறைய பேர் கேக்கிறது ஊர்ல அம்மா வீட்டுல வைக்கலாமான்னு. திருச்சி போறப்ப எடுத்துட்டுப் போய் வைக்கலாம், தூரமா இருக்கிறது நல்லதுதான், ஆனா அந்த வீட்டுல யார் யார் வந்து போறாங்க, பீரோ சாவி யார்கிட்ட, வீட்ட வெள்ளையடிக்கும்போது என்ன ஆகும்னு யோசிங்க. கொரியர்ல அனுப்பாதீங்க, நீங்களே கொண்டுபோங்க. இங்கயே சேஃப் டெபாசிட் பெட்டி கிடைச்சா அது அதவிட நிம்மதி.

வீடு மாறும்போதுதான் ரொம்ப தொலையுது. பிடிஓ வீட்டு சாவி கிடைச்ச சந்தோஷத்துல பழைய பேப்பர், பழைய லேப்டாப் எல்லாம் காராங்குனிக்காரர்கிட்ட போகும், இல்ல ரப்பிஷ் ஷூட்ல போகும். வேல்ஸ்ல ஜேம்ஸ் ஹவல்ஸ்னு ஒருத்தர், 2013ல அவரோட ஹார்ட் டிஸ்க் குப்பைக்குப் போயிடுச்சு, அதுல ஏறக்குறைய 8,000 பிட்காயினோட கீ, குப்பைமேட்ட தோண்ட அனுமதி கேட்டு வருஷக்கணக்கா போராடி 2025 ஜனவரியில கோர்ட்டும் தள்ளுபடி பண்ணிடுச்சு. இங்க தோண்டக் கூட இடமில்ல, வீட்டுக் குப்பைய எரிச்சு சாம்பலத்தான் புலாவ் செமாக்காவுக்கு அனுப்புறாங்க. பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி பேக்கப்ப எடுத்து கைப்பையில வைங்க.

சீட்ட பாதி இங்க பாதி அங்கன்னு பிரிக்கிறத நான் ஏத்துக்க மாட்டேன். ஒரு பாதி போனா எல்லாம் போச்சு, 12ல 6 வார்த்தை ஒருத்தன் கையில கிடைச்சா மிச்சத்த கம்ப்யூட்டர்ல தேடுற வேலையும் எவ்வளவோ குறையும். பிரிச்சுத்தான் வைக்கணும்னா டிரெசர்ல ஷமீர் பேக்கப்னு இருக்கு, மூணு பங்குல எந்த ரெண்டு இருந்தாலும் திறக்கிற மாதிரி அமைக்கலாம், அது கணக்குப்படி சரியா செஞ்சது. அப்புறம் 25வது வார்த்தைன்னு சொல்ற பாஸ்ஃப்ரேஸ், சீட்டோட சேத்து நீங்களே போடுறது, அது நல்ல பாதுகாப்பு, ஆனா அதுல ஒரு எழுத்து தப்பினாலும் எரர் வராது, வேற காலி வாலட்தான் வரும், எழுதி வேற இடத்துல வைக்க மனசு இருந்தா மட்டும் போடுங்க. மனசுலயே வெச்சுக்கிறேன்னு சொல்லாதீங்க. ஸ்டெஃபான் தாமஸ்னு ஒரு புரோகிராமர், 7,002 பிட்காயினோட கீய பூட்டி வெச்ச யுஎஸ்பியோட பாஸ்வேர்ட் எழுதின பேப்பர தொலைச்சிட்டாரு, பத்து தடவ தப்பினா அந்த யுஎஸ்பி தன்னையே பூட்டிக்கும்.

ஏற்கனவே ஃபோட்டோ எடுத்திருந்தா, யாருக்காவது அனுப்பியிருந்தா

டிலீட் பண்ணினா போதாது, பாஸ்வேர்ட் மாத்துறதும் உதவாது, சீட்ட மாத்தவே முடியாது. புது சீட்ல புது வாலட் உருவாக்கி, மேல சொன்ன மாதிரி சோதிச்சு, எல்லாத்தையும் அங்க அனுப்பணும். அனுப்பும்போது விலை அதிகமானத முதல்ல அனுப்புங்க. கேஸ் கட்டணத்துக்கு, அதாவது நெட்வொர்க்ல அனுப்புற செலவுக்கு, ஈத்தர் வேணும், டிரான்ல டிஆர்எக்ஸ் வேணும், அத கடைசியா வைங்க, முதல்லயே அத அனுப்பிட்டா மத்த டோக்கன நகத்த முடியாது. திருடன் கையில ஏற்கனவே சீட் போயிருந்தா நீங்க கட்டணத்துக்குப் போடுற ஈத்தர தானா இயங்குற ஒரு புரோகிராம் (பாட்) உடனே எடுத்துடும், அதனால சந்தேகம் வந்த அன்னிக்கே செய்ங்க.

'சப்போர்ட்'னு சொல்லி டெலிகிராம்ல வர்றவங்க, வாலட்ட 'வேலிடேட்' பண்ணச் சொல்ற லிங்க், வீட்டுக்கு தபால்ல வர்ற கடிதம், எல்லாமே கடைசியில சீட்ட கேக்கும். 2020ல லெட்ஜர் கஸ்டமர்களோட பேர் முகவரி கசிஞ்ச பிறகு 2021ல போலி கருவியையே தபால்ல அனுப்பினாங்க. எந்த உண்மையான கம்பெனிக்கும் உங்க சீட் தேவையில்ல. சந்தேகமா இருந்தா 1799க்கு கூப்பிடுங்க, அது ஸ்கேம்ஷீல்ட் ஹெல்ப்லைன். காசு போயிருந்தா போலீஸ் ரிப்போர்ட் போடுங்க. போனத மீட்டுத்தரேன்னு முன்பணம் கேக்கிறவன் ரெண்டாவது திருடன்.

வீட்டுல இருக்கிறவங்களுக்கு

நீங்க இல்லன்னா மனைவிக்கோ கணவனுக்கோ பிள்ளைக்கோ இது கிடைக்கணும். சிபிஎஃப் நாமினேஷன் சிபிஎஃப் காசுக்கு மட்டும்தான், கிரிப்டோவ அது தொடாது. இங்க கிரிப்டோ சட்டப்படி சொத்துதான், 2023ல ஒரு வழக்குல உயர் நீதிமன்ற நீதிபதி பிலிப் ஜெயரத்தினம் தெளிவா சொல்லியிருக்காரு, அதனால உயில்ல சேக்கலாம், சேக்கணும். ஆனா 24 வார்த்தைய உயில்ல எழுதாதீங்க, உயில் வக்கீல், சாட்சி, கோர்ட்டுன்னு பல கைக்குப் போகும். உயில்ல இப்படி ஒரு சொத்து இருக்கு, இன்னாருக்குன்னு மட்டும் போடுங்க. தனியா ஒரு கடிதம் எழுதுங்க, என்ன வாலட், கருவி எங்க, சீட் எந்த பெட்டியில, யாரும் அவசரப்படுத்தினா கேக்காதீங்க, முதல்ல கொஞ்சமா அனுப்பிப் பாருங்கன்னு. அந்தக் கடிதத்துல சீட் இருக்கக்கூடாது, சீட் இருக்கிற இடத்துல கடிதம் இருக்கக்கூடாது.

கடிதம் எழுதினதும் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுல ஒருத்தர உக்கார வெச்சு, சின்ன தொகை இருக்கிற ஒரு வாலட்ட அவங்க கையாலயே ரிஸ்டோர் பண்ண விடுங்க, நீங்க பக்கத்துல இருங்க, ஆனா வாய் திறக்காதீங்க. எந்த இடத்துல முழிக்கிறாங்களோ அந்த வரிய கடிதத்துல திருத்தி எழுதுங்க. அப்புறம் வருஷா வருஷம் தீபாவளிக்கு வீடு ஒதுக்கும்போது பேப்பர் வெச்ச இடத்துல இருக்கா, எழுத்து படிக்கிற மாதிரி இருக்கா, இடையில புது வாலட்டோ இம்போர்ட் பண்ணின அக்கவுண்டோ சேர்ந்திருக்கான்னு பாத்து, சேர்ந்திருந்தா அன்னிக்கே எழுதிடுங்க.